தோவாளையிலிருந்து வந்த வீங்கிய கால்: ஒரு மாத்திரை அட்டை சொன்ன கதை

ஓணத்துக்கு முந்தைய வாரம். தோவாளைப் பூச்சந்தையில் அந்த நாட்களில் இரவு பகல் கிடையாது. கேந்தி, வாடாமல்லி, அரளி, பிச்சி என்று மூட்டை மூட்டையாக இறங்கும், திருவனந்தபுரம் பக்கம் போகும் வண்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே கூலிக்குப் பூக்கட்டும் 27 வயதுத் திருநங்கை ஒருவர், இடது கால் தொடை வரை வீங்கிய நிலையில் ஆட்டோவில் எங்கள் மருத்துவமனைக்கு வந்து இறங்கினார். காலில் செருப்பு போட முடியவில்லை, கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வருடங்களாகப் பொது மருத்துவம் பார்ப்பவள். ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் திருநங்கைகளைப் பார்க்கும் மருத்துவர்கள் நம் பக்கத்தில் குறைவு. மாத்திரை கொடுக்கும் கடைகளோ நிறைய. அந்த இடைவெளியில்தான் இந்த நிகழ்வு நடந்தது.

வருவதற்கு முந்தைய நான்கு நாட்கள்

ஒரே இருப்பில் 12, 14 மணி நேரம் கால்மடக்கி உட்கார்ந்து பூக்கட்டியிருக்கிறார். முதல் நாள் கெண்டைக்காலில் வலி. "இருந்து இருந்து காலு மரத்துப் போச்சுன்னு நெனச்சேன் டாக்டரம்மா" என்றார். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரையும் ஸ்பிரேயும் வாங்கியிருக்கிறார். இரண்டாம் நாள் வீக்கம். மூன்றாம் நாள் கூட இருந்தவர்கள், தசை பிடித்திருக்கும், உழிச்சல் போட்டால் சரியாகும் என்று பக்கத்து ஊர் வர்ம ஆசானிடம் அழைத்துப் போயிருக்கிறார்கள்.

அந்த ஆசானுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அவர் காலைத் தொட்டுப் பார்த்தாராம். எங்கேயாவது விழுந்தாயா, இடித்துக்கொண்டாயா என்று கேட்டாராம். இல்லை என்றதும், "மக்களே, இது உளுக்கு இல்ல. அடிபடாம ஒரு காலு மட்டும் இப்பிடிச் சூடா வீங்காது. நான் கை வைக்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அனுப்பியிருக்கிறார். எண்ணெய் போட்டு அழுத்தித் தடவியிருந்தால், உள்ளே உறைந்திருந்த ரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும். நம் மாவட்டத்தில் உழிச்சல் போடும் ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும்.

எங்கள் மருத்துவமனை நுழைவாயிலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சீட்டு போடும் இடத்தில் ஆதார் கேட்டு வாங்கி, அதில் இருந்த பழைய பெயரை மைக்கில் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டும் யாரும் வராததால் சீட்டு ஓரமாகப் போய்விட்டது. வீங்கிய காலோடு ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார், கிளம்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாராம். அவர் கைப்பையில் திருநங்கையர் நல வாரியத்தின் அடையாள அட்டை இருந்தது. தமிழக அரசு 2008-இல் அமைத்த வாரியம் அது. அந்த அட்டையில் அவருடைய பெயர் சரியாகவே இருந்தது. யாரும் கேட்கவில்லை.

பரிசோதனையில் கண்டது

எடை 64 கிலோ. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 104. ரத்த அழுத்தம் 148/94. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இல்லை, ஆக்சிஜன் அளவு 97 சதவீதம். இடது கெண்டைக்கால் வலதைவிட 4 சென்டிமீட்டர் சுற்றளவு கூடுதல். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. தொடையின் உட்பக்கம் சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) ஓடும் பாதையில் தொட்டாலே வலி. ஆழத்தில் ஓடும் சிரைக்குள் ரத்தம் உறைவதைத்தான் ஆழ்சிரை உறைவு என்கிறோம், அதைக் கணிக்கும் வெல்ஸ் மதிப்பெண்ணில் 4 வந்தது. 2 வந்தாலே உறைவு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வோம். டாப்ளர் ஸ்கேனில் முழங்காலுக்குப் பின்னால் உள்ள சிரையும் தொடைச் சிரையும் அழுத்தியும் அமுங்கவில்லை. ரத்தம் உறைந்து அடைத்திருந்தது.

இடது கால் என்பதில் ஆச்சரியம் இல்லை. இடுப்புக்குள் இடது சிரைக்கு மேலே வலது தமனி குறுக்காகப் போகிறது, அதனால் அந்தப் பக்கம் ரத்தம் திரும்புவது இயல்பிலேயே கொஞ்சம் தடைப்படும். மணிக்கணக்காக அசையாமல் இருந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் தோவாளையில் ஓண வாரத்தில் எத்தனையோ பேர் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். 27 வயதில், புகைபிடிக்காத, பருமன் இல்லாத ஒருவருக்குத் தொடை வரை உறைவு ஏறினால் உட்கார்ந்திருந்ததை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

பயிற்சி மருத்துவர் நோய்க்குறிப்பில் "ஹார்மோன் எடுத்துக்கொள்கிறார்" என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். எந்த ஹார்மோன், எவ்வளவு, எத்தனை நாளாக என்று இல்லை. மறுநாள் ரத்த முடிவு வந்தது. எஸ்ட்ராடியால் என்ற பெண் ஹார்மோன் 14 பிகோகிராம். பயிற்சி மருத்துவர் அதை எடுத்துக்கொண்டு வந்து, "மேடம், ஈஸ்ட்ரோஜன் ரொம்பக் கம்மியா இருக்கு. அப்ப உறைவு அதனால இல்ல போல" என்றார்.

தவறான முடிவு, ஆனால் யாருக்கும் வரக்கூடிய தவறு. அதே தாளில் இன்னும் மூன்று எண்கள் இருந்தன. டெஸ்டோஸ்டிரோன் 48 நானோகிராம், ஆண்களுக்குரிய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் அருகில். மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வந்து விரைகளை வேலை செய்யச் சொல்லும் எல்.எச். ஹார்மோன் 0.3, கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 310. அவருக்கு அறுவை சிகிச்சை எதுவும் நடக்கவில்லை. நிர்வாணத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார் (திருநங்கைகள் அந்த அறுவை சிகிச்சையை அப்படித்தான் சொல்வார்கள்). அறுவை செய்யாத ஒருவருக்கு எல்.எச். இப்படி அடங்கிப்போயிருந்தால், வெளியிலிருந்து ஏதோ ஒன்று மூளையை அமுக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஏதோ ஒன்று எங்கள் சோதனையின் கண்ணில் படவில்லை.

அப்புறம் நான் அவர் கட்டிலருகே போய் ஒன்றே ஒன்று கேட்டேன். "மாத்திரை அட்டை கையில இருக்கா? காட்டுங்க."

அட்டை

கைப்பையின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கருத்தடை மாத்திரை. 28 குழிகள் உள்ள அட்டை. 21 வெள்ளை மாத்திரைகளும் காலி. மீதி 7 காவி நிற மாத்திரைகளும் அப்படியே இருந்தன. அந்த ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள், அவற்றில் ஹார்மோன் கிடையாது. அது அவருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளையை மட்டும் தினமும் நான்கு போட்டுக்கொண்டிருந்தார். ஓர் அட்டை ஐந்து நாளில் தீர்ந்துவிடும். இரண்டு வருடங்களாக இப்படி.

நான்கு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? சித்திரையில் கூவாகம் போயிருந்தபோது வேறு ஊர்த் தோழிகள் சொன்னது. ஒருத்திக்கு இரண்டில் மார்பு வளர்ந்ததாம், இன்னொருத்தி ஆறு போட்டாளாம். இவர் நடுவில் ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டார். அலட்சியத்தால் செய்ததல்ல. கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. சென்னையிலும் மதுரையிலும் அரசு மருத்துவமனைகளில் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு. ஆனால் நாகர்கோவிலிலிருந்து மதுரைக்கு சுமார் 240 கிலோமீட்டர். போய்வர ஒரு நாள் கூலி போய்விடும், சில நேரம் இரண்டு நாள்.

ஒவ்வொரு வெள்ளை மாத்திரையிலும் இருந்தது எத்தினில் எஸ்ட்ராடியால் 0.03 மி.கி., லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி. நான்கு போட்டால் எத்தினில் எஸ்ட்ராடியால் ஒரு நாளைக்கு 120 மைக்ரோகிராம்.

இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எத்தினில் எஸ்ட்ராடியால் என்பது என்ன

சினைப்பையில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனின் பெயர் எஸ்ட்ராடியால். அதை வாய்வழியாக விழுங்கினால் குடலிலும் ஈரலிலும் பெரும்பகுதி சிதைந்துவிடும். விழுங்கினால் வேலை செய்கிற ஈஸ்ட்ரோஜன் வேண்டும் என்று 1930களில் பலரும் தேடினார்கள். 1938-இல் பெர்லினில் ஷெரிங் நிறுவனத்தில் இன்ஹோஃபனும் ஹோல்வெக்கும் எஸ்ட்ராடியாலின் 17ஆம் கார்பனில் எத்தினில் என்ற சிறு வாலை ஒட்டினார்கள். அந்த வால் இருப்பதால் ஈரலின் நொதிகளால் அதைச் சுலபத்தில் உடைக்க முடியவில்லை. மைக்ரோகிராம் அளவிலேயே வேலை செய்தது. அதே 1938-இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழு டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற இன்னொரு செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கொண்டுவந்தது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று கர்ப்பிணிகளுக்கு அதைப் பல வருடங்கள் கொடுத்தார்கள். வயிற்றில் இருந்தபோது அதற்கு ஆளான பெண் பிள்ளைகளுக்குப் பிறப்புறுப்பில் அரிதான புற்றுநோய் வருவதை 1971-இல் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டு சொன்ன பிறகுதான் அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஒரே பெயருக்குள் இப்படி எத்தனையோ வேறு வேறு பொருட்கள் இருக்கின்றன.

எத்தினில் எஸ்ட்ராடியாலின் பலமும் தொல்லையும் ஒன்றேதான்: ஈரல் அதைச் சுலபத்தில் உடைக்காது. உடையாமல் ரத்தத்தில் சுற்றிச் சுற்றி மறுபடி மறுபடி ஈரலுக்கே வருகிறது. வரும்போதெல்லாம் ஈரலைத் தூண்டுகிறது. ஈரல் உறைவுக் காரணிகளைக் கூடுதலாகச் செய்கிறது, உறைவைத் தடுக்கும் புரோட்டீன் எஸ் போன்றவற்றைக் குறைக்கிறது. ஆஞ்சியோடென்சினோஜனைக் கூட்டுவதால் ரத்த அழுத்தம் ஏறும். டிரைகிளிசரைடும் ஏறும். அவருடைய தாளில் இருந்த 148/94-உம் 310-உம் இங்கிருந்து வந்தவை.

அப்படியானால் சோதனையில் எஸ்ட்ராடியால் 14 என்று வந்தது எப்படி? ஆய்வகம் அளப்பது இயற்கையான எஸ்ட்ராடியாலை மட்டும். எத்தினில் வால் ஒட்டிய மூலக்கூறை அந்தச் சோதனை அடையாளம் காண்பதில்லை. உடலின் சொந்த உற்பத்தி அடங்கிவிட்டதால் எண் குறைவாக வரும். உண்மையில் ஈஸ்ட்ரோஜன் வெள்ளமாக இருக்கும். இதைத் தெரியாமல், "அளவு போதவில்லை" என்று யாராவது இன்னும் இரண்டு மாத்திரை கூட்டச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

120 மைக்ரோகிராமுக்கு வருகிறேன். 1960-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் அளவு இன்றைய மாத்திரைகளைவிடப் பல மடங்கு அதிகம். பெண்களுக்கு ரத்த உறைவு வந்ததைப் பார்த்து, 1969-இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 50 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம் என்று அறிவுறுத்தியது. பிறகு 30, 20 என்று இறங்கியது. 30 மைக்ரோகிராம் மாத்திரை பெரும்பாலான இளம்பெண்களுக்குப் பாதுகாப்பானதுதான், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கருத்தடை மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் எதற்காக அந்த அளவைப் பாடுபட்டுக் குறைத்தார்களோ, அதை நான்கு மாத்திரைகளாக உள்ளங்கையில் கொட்டி விழுங்கும்போது நாம் 1960களுக்கே திரும்பிப் போய்விடுகிறோம்.

திருநங்கைகளிடமே இதற்குச் சான்று உண்டு. ஆம்ஸ்டர்டாமில் ஒரு காலத்தில் மருத்துவர்களே தினம் 100 மைக்ரோகிராம் எத்தினில் எஸ்ட்ராடியாலை, ஆண் ஹார்மோனைத் தடுக்கும் சைப்ரோட்டிரோனோடு சேர்த்துக் கொடுத்துவந்தார்கள். 816 திருநங்கைகளைப் பின்தொடர்ந்து 1997-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், சிரை உறைவு எதிர்பார்த்ததைப் போல 20 மடங்கு இருந்தது. தோல்வழி எஸ்ட்ராடியால் எடுத்தவர்களிடம் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அதன்பிறகு மேலை நாடுகளில் இந்த மருந்தைக் கைவிட்டார்கள். 2022-இல் வந்த உலகளாவிய திருநர் நல வழிகாட்டுதலின் 8ஆம் பதிப்பும் திருநர் சிகிச்சையில் எத்தினில் எஸ்ட்ராடியால் கொடுக்கவே வேண்டாம் என்கிறது. தோவாளையில் பூக்கட்டும் ஒருவருக்கு இது எப்படிப் போய்ச் சேரும்?

அட்டையின் இன்னொரு பாதியான லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கு லேசான ஆண் ஹார்மோன் குணமும் உண்டு. அவர் எதற்காக மாத்திரை போட்டாரோ அதற்கு எதிராக இழுக்கும் பொருளும் அதே மாத்திரையில் இருந்தது. இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. உறைவைப் பற்றிச் சொன்னபோதுகூட அவ்வளவு மாறவில்லை.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. முந்தைய வருடம் ஒரு மருத்துவ முகாமில் இவருக்கு ரத்த அழுத்தம் 140/90 இருந்தது. கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த முகாமில் நானும் இருந்தேன். 26 வயதுத் திருநங்கைக்கு அழுத்தம் ஏறியிருக்கிறதே, என்ன மாத்திரை போடுகிறார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சிகிச்சை

ரத்தம் மேலும் உறையாமல் இருக்க எனாக்சபாரின் ஊசி 60 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை போட்டோம். பிறகு அதே வேலையைச் செய்யும் ரிவராக்சபான் மாத்திரை, 21 நாள் 15 மி.கி. இரண்டு வேளை, அப்புறம் 20 மி.கி. ஒரு வேளை. இதை வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உறிஞ்சப்படாது, சாப்பாட்டோடுதான் போட வேண்டும். விடியற்காலை சந்தைக்குப் போய் ஒரு சாயாவோடு பதினொரு மணி வரை ஓட்டுகிறவர் அவர். எனவே இரவுச் சாப்பாட்டோடு என்று நேரத்தை மாற்றினோம். வலிக்கு இஷ்டம்போல மாத்திரை வாங்கிப் போடக்கூடாது, ரத்தக்கசிவு வரும் என்பதையும் இரண்டு மூன்று தடவை சொன்னோம்.

கருத்தடை மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "நிறுத்தணும்னா கால எடுத்துருங்க டாக்டரம்மா. கால் இல்லாம இருந்துருவேன். மறுபடி அந்த ஒடம்போட இருக்க மாட்டேன்" என்றார்.

எங்களில் பலர் இங்கேதான் தவறு செய்கிறோம். உறைவு வந்துவிட்டது, ஹார்மோனை நிறுத்து, இனிமேல் தொடாதே என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். காகிதத்தில் அது பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? அதே கடைக்குப் போவார். இந்தத் தடவை நம்மிடம் சொல்லமாட்டார். "நிறுத்து" என்ற சொல்லால் போகப்போவது நம்மோடு இருக்கும் தொடர்புதான். மாத்திரை எங்கும் போகாது.

அதனால் "நிறுத்தல" என்றேன். "மாத்துறோம். மூணு வாரம் பொறுங்க."

மாற்று என்ன? எஸ்ட்ராடியால் வேலரேட் 2 மி.கி. மாத்திரை நம் ஊரில் கிடைக்கிறது. அதுவும் ஆலையில் செய்ததுதான், ஆனால் உடலுக்குள் போனதும் வேலரேட் கழன்று இயற்கையான எஸ்ட்ராடியாலாக மாறிவிடும். எத்தினில் எஸ்ட்ராடியாலைவிட எவ்வளவோ மேல், சோதனையிலும் அளவு தெரியும். ஆனாலும் விழுங்கும் எதுவும் முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. ஏற்கெனவே உறைவு வந்த இவருக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். மாதவிடாய் நின்ற பெண்களிடம் பிரான்சில் நடந்த எஸ்தர் ஆய்வில், விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கு உறைவு சுமார் 4 மடங்கு கூடியது. தோல்வழி எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. எனவே எஸ்ட்ராடியால் ஜெல். 0.06 சதவீத ஜெல்லில் 2.5 கிராம் எடுத்தால் 1.5 மி.கி. எஸ்ட்ராடியால் இருக்கும்.

ஆண் ஹார்மோனை அமுக்க ஸ்பைரனோலாக்டோன் 100 மி.கி. கொடுத்தேன். ரத்த அழுத்தத்துக்கும் அது உதவும். பொட்டாசியம் ஏறலாம் என்பதால் ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாழைப்பழத்தில் பொட்டாசியம் உண்டாமே, நம் ஊர் மட்டிப்பழம் சாப்பிடலாமா என்று கேட்டார். சிறுநீரகம் நன்றாக இருந்தது, ஆரம்ப பொட்டாசியம் 4.3. தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றேன். நம் மாவட்டத்தில் மட்டிப்பழத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு மருத்துவர் எப்படிப் பிழைப்பது.

அந்த மூன்று வாரம் அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ராத்திரி உடம்பு திகுதிகுவென்று எரிகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று போன் செய்தார். சினைப்பை எடுத்த பெண்களுக்கு வருவதும் இதேதான், ஈஸ்ட்ரோஜன் திடீரென்று இறங்கினால் உடம்பு அப்படித்தான் காட்டும் என்றேன். தாய்முறையில் இருக்கும் அவருடைய குருவம்மா போனை வாங்கி, "நான் பாத்துக்கிடுதேன், நீங்க கவலப்படாதீங்க" என்றார். அவர் பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஆறு மாதம்

மூன்று வாரம் கழித்து ஜெல் ஆரம்பித்தோம். குளித்து முடித்துத் தோலை நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடையிலோ கையிலோ தடவ வேண்டும், காயும்வரை துணி படக்கூடாது, மற்றவர்கள் மேல் படக்கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சொல்வதுபோல் எளிதல்ல. காலையில் தடவிவிட்டுச் சந்தைக்குப் போனால் வேர்வையில் வழிந்துவிடுகிறது என்றார். இரவு படுக்கும் முன் தடவச் சொன்னேன். ஆறு வாரத்தில் எஸ்ட்ராடியால் 62 வந்தது. ஜெல்லை 5 கிராமாகக் கூட்டினோம். நாம் எதிர்பார்ப்பது 100 முதல் 200 வரை. மூன்றாம் மாதம் 118, டெஸ்டோஸ்டிரோன் 41. கருத்தடை மாத்திரை அமுக்கியதைவிட நன்றாகவே அமுங்கியிருந்தது. ரத்த அழுத்தம் 124/80. டிரைகிளிசரைடு 168. கால் வீக்கம் பெரும்பாலும் வடிந்திருந்தது, நீண்ட நேரம் நின்றால் சாயங்காலம் கொஞ்சம் கனக்கும். மறு டாப்ளரில் தொடைச் சிரை ஓரளவு திறந்திருந்தது.

விலைதான் பெரிய இடி. கருத்தடை மாத்திரைக்கு ஆகும் காசோடு ஒப்பிட்டால் ஜெல் கையைக் கடிக்கும். 80 கிராம் டியூப் 16 நாளில் தீர்ந்துவிடும். குருவம்மா பாதி போட்டார், அவர் பாதி. அறுவை சிகிச்சைக்குச் சேர்த்த பணத்திலிருந்து எடுக்கவில்லை என்று அடித்துச் சொன்னார், நான் நம்பவில்லை. எத்தினில் எஸ்ட்ராடியால் அடங்கிய மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இவருக்கு உயிராபத்து தராத எஸ்ட்ராடியாலும் அங்கே கிடைக்க வேண்டும். இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

நான்காம் மாதம் அவரோடு வீட்டில் இருக்கும் மூன்று பேரும் வந்தார்கள். மூவர் கையிலும் அதே மாதிரி அட்டை. வெள்ளை காலி, காவி மீதி. ஒருவருக்கு அழுத்தம் 150-ஐத் தாண்டியிருந்தது. மூவருக்கும் உறைவு இல்லை. பரிசோதித்துவிட்டு, இருவரை எஸ்ட்ராடியால் வேலரேட்டுக்கும் அழுத்தம் இருந்தவரை ஜெல்லுக்கும் மாற்றினேன்.

குடும்ப வரலாறு

உறைவு வந்தவரிடம், குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று கேட்பது வழக்கம். முதல் நாளே கேட்டேன். "எனக்குக் குடும்பம் இல்ல டாக்டரம்மா" என்றார். எட்டு வருடமாக வீட்டோடு பேச்சில்லை. மேற்கொண்டு கேட்க மனசு வரவில்லை. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை எத்தனை நாள் கொடுப்பது என்ற முடிவுக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது. மாத்திரைதான் முழுக் காரணம் என்றால் ஆறு மாதத்தோடு நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். பரம்பரைச் சாய்வும் இருந்தால், ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் வரை தொடர்வதே நல்லது. ஏன் கேட்கிறேன் என்பதை இப்படி விளக்கிச் சொன்னேன்.

ஐந்தாம் மாதம் அவரே அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். முதல் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டாவதில் எடுத்தார். அம்மைக்கு மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு ஒரு கால் வீங்கி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள் என்று அக்கா சொன்னாராம். அந்த மூன்றாவது பிள்ளை இவர்தான். அந்தக் காலத்துச் சீட்டு எதுவும் கையில் இல்லை, உறுதியாக உறைவுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் பிரசவத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி ஊசி போட்டார்கள் என்றால் வேறு எதை நினைப்பது? ஆறு மாதம் முடிந்ததும் ரிவராக்சபானை 10 மி.கி.க்குக் குறைத்து, நிறுத்தாமல் தொடர்வதென்று முடிவு செய்தேன். அவர் சம்மதித்தார்.

அந்த ஆறாம் மாதப் பரிசோதனைக்கு அக்காவும் கூட வந்திருந்தார். 34 வயது, இரண்டு பிள்ளைகள். பேசி முடித்து எழுந்திருக்கும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். மாசி மாதம், மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை வருகிறது, தேதி சரியாகக் கொடை நாட்களில் விழுகிறது, தள்ளிப்போட மாத்திரை வாங்கியிருக்கிறேன், நாளையிலிருந்து போடலாமா?

நான் வாய் திறப்பதற்குள் தங்கை கையை நீட்டினார்.

"எக்கா, அட்டையக் காட்டு."

நோரெத்திஸ்டிரோன் 5 மி.கி., தினம் மூன்று. பேருக்கு அது ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஆனால் உடலுக்குள் அதில் ஒரு சிறு பகுதி எத்தினில் எஸ்ட்ராடியாலாகவே மாறும். இந்த அளவில் போட்டால் ஒரு கருத்தடை மாத்திரை போட்டதற்கு ஏறக்குறைய சமம். அம்மைக்குக் கால் வீங்கிய கதையும், தங்கையின் காலும் கண்முன்னே இருக்கும்போது நான் கொடுக்கமாட்டேன் என்றேன். இனி எந்த மருத்துவரிடம் போனாலும், கருத்தடைக்கோ வேறெதற்கோ மாத்திரை எழுதினால், இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்.

அக்கா அந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மேசையிலேயே வைத்துவிட்டு, "சரி, அப்ப எட்டாங்கொடைக்குப் போயிக்கிடுதேன்" என்றார். கொடை முடிந்து அடுத்த வாரம் வருவது அது. தங்கையைப் பார்த்து, "நீயும் வாறியா?" என்று கேட்டார்.